கால் ஓய்ந்தபின் ஒரு நாற்காலி

1973 டிசம்பர் 27ஆம் தேதி எர்ணாகுளம் மகாராஜாஸ் கல்லூரி மைதானத்தில் சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதியாட்டம் நடந்தது. கேரளத்துக்கு எதிரே ரயில்வே. கேரள அணியின் தலைவர் டி.கே.எஸ். மணி தம் அணியின் மூன்று கோல்களையும் தாமே அடிக்க, ஆட்டம் 3-2 என்று முடிந்தது. 1941இல் தொடங்கிய அந்தப் போட்டியில் கேரளம் வாங்கிய முதல் கோப்பை அது. அன்று மணியின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட ‘கேப்டன்’ என்ற சொல் 2017இல் அவர் கண்மூடும் வரை கழன்று விழவில்லை. அந்த அணியை உருவாக்கிய பயிற்சியாளரைப் பற்றித் தமிழ்நாட்டில் பேச்சே இல்லை. அவர் பெயர் சைமன் சுந்தர்ராஜ். தமிழர், முன்கள வீரர், 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடியவர். கேரளத்தின் கால்பந்து வரலாற்றை எழுதுகிறவர்கள் அவரை ‘ஒலிம்பியன் சைமன்’ என்று மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். சந்தோஷ் டிராபியை இன்றுவரை ஒருமுறைகூட வெல்லாத, 2012இல் இறுதியாட்டம் வரை போய் சர்வீசஸ் அணியிடம் தோற்றுத் திரும்பிய தமிழ்நாடு, பக்கத்து மாநிலத்துக்கு முதல் கோப்பையைத் தேடிக்கொடுத்த தன் மகனை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை.

ரோமில் இந்தியாவுக்கு வாய்த்தது கடினமான பிரிவு. ஹங்கேரியிடம் 1-2 என்று தோல்வி, பிரான்ஸுடன் 1-1 என்று சமன், பெருவிடம் 1-3 என்று தோல்வி. இந்திய ஆண்கள் அணி அதன்பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் கால் வைக்கவே இல்லை. ஆகவே பெருவுக்கு எதிராக விழுந்த அந்த ஒற்றைக் கோல்தான் ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசிக் கோல். கேரளத்தில் அது சைமனுடையது என்றே சொல்லி வருகிறார்கள். வேறு பதிவுகளில் அந்த இடத்தில் துளசிதாஸ் பலராமின் பெயர் நிற்கிறது. ஒரு முன்கள வீரருக்குக் கோல்தானே சொத்து! அந்தச் சொத்துக்கே பட்டா இரண்டு பெயரில் இருக்கிறது. எர்ணாகுளத்துக் கோப்பைக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. கோல் அடித்தவர் யார் என்பதில் தகராறு வரலாம். பயிற்சி கொடுத்தவர் யார் என்பதை அவரிடம் கற்றவர்கள் மறப்பதில்லை. பயிற்சியாளரின் வேலை மனிதர்களிடம் தங்குகிறது, அந்த மனிதர்கள் வழியாக இன்னொரு தலைமுறைக்குப் போகிறது. இந்தக் காரணத்தால்தான், ஓய்வுபெற்ற முன்கள வீரர் ஒருவர் பயிற்சியாளராவது எப்படி என்ற கேள்வி, தனியொருவரின் வாழ்க்கைக் கதையைத் தாண்டி, ஒரு தொழிலின் வரலாறாக ஆராயத்தக்கது என்று நினைக்கிறேன்.

அந்த வரலாற்றை நம் விளையாட்டுப் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே விதமாகச் சொல்கின்றன. ஏழைப் பையன், பிறவித் திறமை, வெறுங்கால் ஆட்டம், பிறகு புகழ், கடைசியில் தான் பெற்றதைத் திருப்பிக் கொடுக்க மைதானத்துக்கு வருகிறார். இதில் பொய்யில்லை, ஆனால் நடுவில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. முன்கள வீரரின் கால் முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று வயதில் தளர்ந்துவிடும். தேர்ந்த பயிற்சியாளராக ஒருவர் பழுக்க நாற்பதாவது ஆக வேண்டும். இடைப்பட்ட ஏழெட்டு ஆண்டுகள் அவர் குடும்பம் எதைச் சாப்பிட்டது? வாடகையை யார் கொடுத்தார்கள்? காலையில் நாற்பது பையன்களைப் பந்தோடு ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்க அவருக்கு நேரம் எங்கிருந்து கிடைத்தது? தமிழ்நாட்டிலும் தென்னிந்தியா முழுவதிலும் இந்தக் கேள்விகளுக்கு நெடுங்காலம் இருந்த விடை ஒன்றுதான்: ஆபீஸ். வங்கி, ரயில்வே, போலீஸ், உரத் தொழிற்சாலை, டயர் தொழிற்சாலை. முன்கள வீரரைப் பயிற்சியாளராக்கியது அவரது கோல் கணக்கைவிட, கால் ஓய்ந்த பிறகும் அவர் பெயரை நீக்காமல் வைத்திருந்த ஒரு வருகைப் பதிவேடு என்பதே என் வாதம்.

அந்த ஏற்பாடு எப்படி நடந்தது என்பதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும், ஏனென்றால் இன்றைய இளைஞர்கள் அதைக் கண்ணால் கண்டதில்லை. ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் எழுத்தராகவோ கலாசியாகவோ ஒரு பையன் சேர்வான். காலைப் பயிற்சி முடித்துத் தாமதமாக வருவதற்கு அனுமதி உண்டு. வெளியூர்ப் போட்டிகளுக்கு ஆன் டூட்டி. மாதம் முடிந்தால் மற்ற எழுத்தருக்கு வரும் அதே சம்பளம். முழங்கால் போனால் மருத்துவச் செலவைத் துறையே ஏற்கும். ஆடி முடித்த பிறகு அவன் மேசைக்குத் திரும்பலாம். ஆட்டத்தில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ளவனென்றால் மேலதிகாரிகளே ஆபீஸ் டீமைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுவார்கள். இப்படித்தான் பெரம்பூரில் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, சுங்கத்துறை, ஏ.ஜி. அலுவலகம், இந்தியன் வங்கி என்று சென்னை சீனியர் டிவிஷன் பட்டியலே ஒரு தொலைபேசிக் கையேட்டின் அரசு அலுவலகப் பக்கம் போல இருந்தது. இந்தியக் கால்பந்தின் தலைசிறந்த ஆசானான சையது அப்துல் ரஹீமின் கதையும் இதற்கு விலக்கல்ல. பள்ளி ஆசிரியராக இருந்த அவர் தம் முறைகளைச் சோதித்துப் பார்த்த பட்டறை ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணி. 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்ற அந்த அணியின் ஆட்டக்காரர்கள் காவல்துறைச் சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள். 1960இல் சைமனை ரோமுக்கு அழைத்துப்போனவரும் இதே ரஹீம்தான். பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுப் பயிற்சி நிறுவனம் திறந்தது 1961இல். அதற்கு முன்பு பயிற்சியாளர் என்பது படித்து வாங்கும் பட்டமாக இருக்கவில்லை. ஒருவரிடமிருந்து ஒருவர் பார்த்துப் பழகும் கைத்தொழிலாக இருந்தது. கைத்தொழிலுக்குப் பட்டறை வேண்டும். பட்டறையின் வாடகையை ஆபீஸ் கொடுத்தது.

1973இன் கேரள அணியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். கேப்டன் மணி ஏலூரில் இருந்த ஃபாக்ட் உரத் தொழிற்சாலையின் ஆட்டக்காரர். பக்கத்தில் களமசேரியில் பிரீமியர் டயர்ஸ். தெற்கே திருவனந்தபுரத்தில் டைட்டானியம். பெரியாற்றங்கரையிலும் கடலோரத்திலும் மண்ணில் விளையாடிய பையன்கள் இந்த ஆலைகளின் வாசல் வழியாகத்தான் மாநில அணிக்குள் வந்தார்கள். சைமன் கையில் கிடைத்தது ஆண்டு முழுவதும் ஒன்றாக ஓடி, ஒன்றாகச் சாப்பிட்டு, சம்பளக் கவலையில்லாமல் ஆடிப் பழகிய உடம்புகள். அவற்றைக் கோத்து ஓர் அணியாக்கியது அவருடைய திறமை, அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் அப்படி ஆலைகள் இல்லாத ஊரில் அதே சைமன் என்ன செய்திருக்க முடியும் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். முகாமின் முதல் இரண்டு வாரம், வந்து சேரும் பையன்களின் உடலைத் தேற்றுவதிலேயே போயிருக்கும்.

சென்னையில் இந்த மரபின் கடைசிப் பெரிய பெயர் சையது சபீர் பாஷா. 1972இல் பிறந்தவர், இந்தியன் வங்கியின் முன்கள வீரர், இந்திய அணிக்கும் ஆடியவர். 1996 டிசம்பரில் தேசிய கால்பந்து லீக் தொடங்கிய காலத்தில் ஜேசிடி, ஈஸ்ட் பெங்கால், சர்ச்சில் பிரதர்ஸ், மகீந்திரா என்று பணமும் பெயரும் கொண்ட அணிகளுக்கு நடுவே சென்னையின் சார்பில் நின்றது ஒரு பொதுத்துறை வங்கி. வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வாங்கிக் குவிக்கும் வசதி அதற்குக் கிடையாது. உள்ளூர்ப் பையன்களை வைத்தே அது பல பருவங்கள் தாக்குப்பிடித்தது. அந்த அணியின் கோல்களைச் சுமந்த பாஷா, ஆட்டக் காலம் முடிந்தபின் அதே அணிக்குப் பயிற்சியாளரானார். அங்கிருந்து சென்னையின் எஃப்சிக்கு வந்து, தலைமைப் பயிற்சியாளர் ஜான் கிரிகரியின் உதவியாளராக 2018 மார்ச்சில் அந்த அணி பெங்களூருவில் இரண்டாவது முறை ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பையை வென்றபோது பயிற்சிக் குழுவில் இருந்தார். அணியின் இளையோர் பிரிவும் அவர் பொறுப்பில் வளர்ந்தது. வங்கி மைதானத்தில் தொடங்கி ஐஎஸ்எல் பெஞ்சு வரை வந்த இந்தப் பயணத்தில் ஓர் ஆண்டுகூட அவர் ஆட்டத்தை விட்டு விலகி வேறு பிழைப்புத் தேட வேண்டியிருக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சென்னையில் அவரோடு ஆடிய, அவருக்கு இணையான திறமையுள்ள எத்தனையோ பேருக்கு அந்தத் தொடர்ச்சி கிடைக்கவில்லை.

அதே காலத்தவரான ராமன் விஜயனை அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு துலங்கும். அவரும் தமிழர், அவரும் முன்கள வீரர். 1997-98 தேசிய லீக்கில் எஃப்சி கொச்சின் அணிக்காக 10 கோல் அடித்து நாட்டிலேயே முதலிடம் பிடித்தவர். எஃப்சி கொச்சின் 1997இல் பெரிய கனவோடு பிறந்த, கேரளத்தின் முதல் முழுத் தொழில்முறை அணி. பிறந்த ஆண்டே டூரண்ட் கோப்பையை வென்றது. சம்பளப் பாக்கி ஏறி, ஐந்தாறு ஆண்டுகளில் கதவடைத்தது. விஜயனைத் தாங்கிய இன்னோர் அணியான மகீந்திரா யுனைடெட்டை 2010இல் கலைத்தார்கள். முதல் தேசிய லீக்கை வென்ற ஜேசிடியும் 2011இல் கலைந்தது. விஜயன் விடாமல் பயிற்சிக்கு வந்தார், சிறுவர்களுக்கெனக் கால்பந்துப் பள்ளி தொடங்கினார். அந்த மன உறுதிக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் அவர் தம் நாற்காலியைத் தாமே செய்துகொள்ள வேண்டியிருந்தது. தனிமனித உறுதியில் நடக்கும் பள்ளி ஒரு மனிதரின் உடல்நலத்தையும் கையிருப்பையும் நம்பி நிற்கிறது. அவர் களைத்தால் அதுவும் களைக்கும்.

இதற்கு வரும் முதல் மறுப்பு ஆட்டத்தைக் கூர்ந்து பார்ப்பவர்களிடமிருந்து வருவது. முன்கள வீரர்கள் நல்ல பயிற்சியாளர்களாக மாட்டார்கள், ஏனென்றால் அவர்களுடைய திறமை உள்ளுணர்வு சார்ந்தது, சொல்லிக் கொடுக்க முடியாதது. தடுப்பாட்டக்காரரும் நடுக்களத்தாரும்தான் மைதானம் முழுவதையும் பார்த்துப் பழகியவர்கள் என்பார்கள். பாபி சார்ல்டன் போன்ற மேதையே பிரஸ்டன் அணியில் பயிற்சியாளராகத் தோற்றதை உதாரணம் காட்டுவார்கள். இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தின் வரலாற்றிலேயே எதிர்ச்சாட்சியும் இருக்கிறது. பிரையன் கிளஃப் முழுக்க முழுக்கக் கோலடிப்பவர். 274 லீக் ஆட்டங்களில் 251 கோல். 1962 டிசம்பர் 26ஆம் தேதி முழங்கால் நொறுங்கியபோது அவருக்கு வயது இருபத்தேழு. அதே கிளஃப்தான் பின்னாளில் நாட்டிங்காம் ஃபாரஸ்ட் அணிக்கு 1979லும் 1980லும் ஐரோப்பியக் கோப்பையை வாங்கித் தந்தார். அவரது மேதைமையைப் பற்றி நிறையப் பேசுகிறோம். மீண்டும் ஆட முடியாது என்று தெரிந்த பிறகு சண்டர்லாண்ட் கழகம் அவரை வாசலுக்கு வெளியே தள்ளாமல் இளையோர் அணியைப் பார்த்துக்கொள்ள வைத்தது என்பதை அந்தப் பேச்சில் யாரும் எடுப்பதில்லை. தமக்குச் சொல்லிக்கொடுக்க வரும் என்று அவர் அறிந்துகொண்டதே அந்தப் பையன்களிடம்தான். எந்த இடத்தில் ஆடினார் என்பதல்ல, ஆட்டம் நின்ற மறுநாள் எந்த இடத்தில் நின்றார் என்பதுதான் தீர்மானித்தது. சைமன், பாஷா, விஜயன் மூவருமே முன்களத்தில் இருந்து வந்தவர்கள் என்பதும் அந்த மறுப்பைத் தமிழ் மண்ணிலேயே பலவீனப்படுத்துகிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது, அதை எளிதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. ஆபீஸ் கால்பந்து ஆட்டக்காரர்களைச் சோம்பேறிகளாக்கியது. ஓய்வூதியம் உறுதியானபின் யாரும் உயிரைக் கொடுத்து ஆடவில்லை. ஆசியாவின் மற்ற நாடுகள் முழுநேரத் தொழில்முறைக்கு மாறியபோது நாம் ஆன் டூட்டியில் நின்றுவிட்டோம் என்பது அது. மேசை கிடைத்தவர்கள் எல்லாரும் நிறைவோடு வாழவும் இல்லை. இந்தியாவின் அணித்தலைவராக இருந்த வி.பி. சத்யன் கேரளக் காவல்துறையிலிருந்து சென்னைக்கு வந்து இந்தியன் வங்கியில் சேர்ந்தவர். 2006 ஜூலையில் பல்லாவரம் ரயில் பாதையில் அவர் வாழ்க்கை முடிந்தபோதும் அவர் வங்கி ஊழியர்தான். சம்பளம் இருந்தது, நாற்காலி இருந்தது. அந்த நாற்காலி மட்டும் அவரைத் தாங்கப் போதவில்லை. அதனால் வருகைப் பதிவேடு இருந்தால் போதும் என்று நான் சொல்லவில்லை. ஆட்டத்தை அறிந்தவரை ஆட்டத்தோடு கட்டிப்போடும் கயிறு அதில் இருக்க வேண்டும். இந்தியன் வங்கி பாஷாவுக்கு அந்தக் கயிற்றைக் கொடுத்தது. பல அலுவலகங்கள் பலருக்குக் கொடுக்கவில்லை. குறை ஏற்பாட்டில் இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த ஏற்பாட்டைத் திருத்துவதற்குப் பதிலாக நாம் அதைக் கலைத்தோம். 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பொதுத்துறை வங்கிகளில் விருப்ப ஓய்வுத் திட்டம் வந்தது, புதிய ஆள் எடுப்பு சுருங்கியது, 2000களின் நடுவில் தேசிய லீக்கின் முதல் பிரிவிலிருந்து இந்தியன் வங்கியின் பெயர் மறைந்தது. அதன் இடத்தில் என்ன வைத்தோம் என்பதைத்தான் மறுப்பவர்கள் சொல்ல வேண்டும்.

ஐஎஸ்எல் வைத்தோம் என்பார்கள். 2014இல் தொடங்கிய அந்தப் போட்டி பெரிய மைதானங்களையும் தொலைக்காட்சி வெளிச்சத்தையும், வியாசர்பாடியின் தனபால் கணேஷ் போன்ற பையன்களுக்கு அதுவரை கனவிலும் வராத சம்பளத்தையும் கொண்டுவந்தது. அது பெரிய காரியம். ஆனால் ஆட்டக்காரருக்குத் திறந்த கதவு பயிற்சியாளருக்குத் திறக்கவில்லை. தலைமைப் பயிற்சியாளர் பதவி பல ஆண்டுகள் வெளிநாட்டாருக்கே போனது. 2021இல் நார்த்ஈஸ்ட் யுனைடெட் காலித் ஜமீலை நிரந்தரப் பொறுப்பில் அமர்த்தியபோது ஐஎஸ்எல் வரலாற்றில் அப்படி அமர்ந்த முதல் இந்தியர் அவரானார். 2022 பிப்ரவரியில் சென்னையின் எஃப்சி பருவத்தின் நடுவில் போஜிதார் பாந்தோவிச்சை நீக்கியபோது மிச்சமிருந்த சில ஆட்டங்களுக்குப் பொறுப்பேற்றவர் சபீர் பாஷா. பருவம் முடிந்ததும் அந்த இடத்துக்கு மறுபடி ஐரோப்பாவிலிருந்து ஆள் வந்தார். நெருக்கடியில் நம்பத்தக்கவர் அமைதிக் காலத்தில் ஏன் நம்பத்தக்கவராக இல்லை என்ற கேள்வி அப்போதும் எழுந்திருக்க வேண்டும். இதே ஜமீல் 2025 ஆகஸ்டில் இந்திய அணிக்கே பயிற்சியாளராகி, பதின்மூன்று ஆண்டுகளுக்குப்பின் அந்தப் பொறுப்புக்கு வந்த இந்தியரானார். அவரும் மகீந்திரா, ஏர் இந்தியா என்ற நிறுவன அணிகளில் ஆடி வந்தவர் என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். இன்று பயிற்சியாளராக உரிமங்களை டி, சி, பி, ஏ, ப்ரோ என்று படிப்படியாக ஏற வேண்டும். தரத்துக்கு இது நல்லது. ஆனால் மேலே போகப் போகச் செலவும் விடுப்பும் கூடுகின்றன. மாதச் சம்பளம் இல்லாத முன்னாள் ஆட்டக்காரர் இரண்டாம் படியிலேயே நின்றுவிடுவார். அந்த ஐஎஸ்எல்லே 2025 ஜூலையில் உரிம ஒப்பந்தச் சிக்கலால் நிறுத்திவைக்கப்பட்டபோது, அதை நம்பியிருந்த உதவிப் பயிற்சியாளர்களும் இளையோர் அணி ஆசான்களும் ஒரே நாளில் அந்தரத்தில் நின்றார்கள். 2018-19இல் ஐ-லீக்கையே வென்ற சென்னை சிட்டி அணி சில ஆண்டுகளிலேயே மேல்நிலைப் போட்டிகளிலிருந்து காணாமல் போயிற்று. அணிகள் பிறக்கும், இறக்கும். அவை இறக்கும்போது ஆட்டத்தை அறிந்த மனிதரை ஏந்திக்கொள்ள வேறு ஒரு கை இருக்கிறதா என்பதே என் கவலை. பெண்கள் கால்பந்தில் அந்தக் கை இன்னும் கொஞ்சம் நீண்டிருக்கிறது: இந்திய அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர். நாளை அவர் பூட்ஸைக் கழற்றினாலும் அவர் சீருடையை யாரும் கழற்றச் சொல்லப் போவதில்லை.

இந்த வாதத்தைச் சென்னை மைதானங்களிலேயே நிறுத்திவிட்டால் அரைகுறையாகிவிடும். பழவேற்காடு ஏரியின் மேற்குக்கரையில், கும்மிடிப்பூண்டி வட்டத்துச் சுண்ணாம்புக்குளம் போன்ற ஓர் ஊரில் நின்று அதைச் சோதிக்க வேண்டும். ஏரிக்கரைக் கிராமங்களில் பந்து உதைக்க மணலுக்குப் பஞ்சமில்லை, வலையிழுத்து இறுகிய கால்களுக்கும் பஞ்சமில்லை. அப்படியிருக்க, தெற்கே கன்னியாகுமரிக் கடற்கரையின் இரவிபுத்தன்துறையிலிருந்து மைக்கேல் சூசைராஜும் மைக்கேல் ரெஜினும் நாடறிந்த ஆட்டக்காரர்களாக வந்தார்கள். வடக்கே ஏரியோரத்திலிருந்து அப்படி ஒரு வரிசை எழவில்லையே, ஏன்? பிறவித் திறமைதான் காரணம் என்பவர்கள் இரண்டு கடற்கரை மக்களின் உடம்பிலும் வேறுபாடு காட்ட வேண்டியிருக்கும், அது முடியாத காரியம். வேறுபாடு கரையில் இருக்கிறது. இரவிபுத்தன்துறை இருக்கும் தூத்தூர் வட்டாரத்தில் பங்குக் கோயிலைச் சுற்றிக் கழகங்கள், ஊர்ப் போட்டிகள், பக்கத்திலேயே புனித யூதா கல்லூரி, கூப்பிடு தூரத்தில் கேரளத்தின் போலீஸ், வங்கி, மின்வாரிய அணிகள். ஒரு பையன் போவதற்கும் வழி இருந்தது, போனவர் ஆடி முடித்துத் திரும்பி வந்து அடுத்தவனுக்குச் சொல்லிக்கொடுக்கவும் வழி இருந்தது. திரும்பி வரும் வழிதான் முக்கியம். ஒரே தலைமுறையில் ஒரு மேதை எங்கிருந்தும் முளைக்கலாம். வரிசை வேண்டுமென்றால் முன்னே போனவர் ஊரில் வந்து நிற்க வேண்டும்.

இதைப் புரிந்துகொள்ள ஏரி மக்களுக்கு வெளியிலிருந்து யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. அவர்களுடைய பாடு முறையே இதற்கு நிகரான ஏற்பாடு. ஏரியில் மீன் வளம் உள்ள இடங்களை ஊர்களுக்கு முறைவைத்துப் பங்கிட்டு, தலைக்கட்டுப் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவருக்கும் தம் முறை வரும்போது வலை கட்டும் உரிமையைக் கொடுக்கிறது அது. நல்ல இடம் வலுத்தவனுக்கே என்று விட்டிருந்தால் ஏரி எப்போதோ சிலர் கைக்குள் போயிருக்கும். கிழவர் படகேற முடியாமல் போனாலும் நீரோட்டம் பற்றி அவர் அறிந்தது குடும்பத்தோடும் ஊரோடும் இருக்கிறது. மகன் தலைக்கட்டில் சேரும்போது அந்த அறிவும் கூடவே சேர்கிறது. அறிவு ஆளோடு அழியாமல் இருக்க, அறிவுள்ள ஆளை ஊர் தன் கணக்கில் வைத்துக்கொள்கிறது. ஆபீஸ் டீம்கள் தம்மையறியாமல் கால்பந்துக்குச் செய்ததும் ஏறக்குறைய இதுதான். ஏரி மீன்பிடியே இன்று முகத்துவாரம் தூர்வதாலும் நீர் கெடுவதாலும் நலிந்து கிடக்கும்போது கால்பந்தைப் பற்றிப் பேசுவது அவசியமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வலை மட்டும் சோறு போடாத காலத்தில் ஒரு கடலோரப் பையனுக்கு அரசு வேலைக்குப் போக விளையாட்டு ஒரு கதவு என்பதைக் குமரிக் கடற்கரையும் கேரளக் கடற்கரையும் நிரூபித்திருக்கின்றன என்பதே என் பதில்.

இன்னொன்றும் இருக்கிறது. 1970களில் ஏலூரிலும் களமசேரியிலும் இருந்தது சுண்ணாம்புக்குளத்துக்கு இன்று இல்லாமல் போய்விடவில்லை. அதே வட்டத்தில் கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை இருக்கிறது, தேர்வாய்க்கண்டிகையில் இன்னொரு சிப்காட். ஏரிக்குத் தெற்கே அத்திப்பட்டில் வடசென்னை அனல்மின் நிலையம், காட்டுப்பள்ளியிலும் எண்ணூரிலும் துறைமுகங்கள். பெரியாற்றங்கரை ஆலைகளைவிட இவற்றின் மூலதனம் பன்மடங்கு பெரியது. அவை ஏரியிலிருந்தும் கடலிலிருந்தும் எடுத்துக்கொண்டதும் கொஞ்சமல்ல. ஃபாக்ட் ஆலைக்கு ஒரு கேப்டன் மணி இருந்தார். இந்த ஆலைகளுக்கு அப்படி ஒருவர் இல்லாததற்குக் காரணம் ஒப்பந்தக் கூலி முறை. பதினோரு மாதம் வேலை கொடுத்து நிறுத்தும் இடத்தில் பதினைந்து ஆண்டு ஆட்டக்காரரும் உருவாக மாட்டார், இருபது ஆண்டு பயிற்சியாளரும் உருவாக மாட்டார். சமூகப் பொறுப்பு நிதி என்று ஆண்டுதோறும் ஒதுக்கும் பணத்தில் பந்தும் சட்டையும் வாங்கிக் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஆடி ஓய்ந்த இரண்டு ஆட்டக்காரர்களுக்கு நிரந்தர வேலை கொடுத்து, மாலை நான்கு மணிக்கு அவர்களை ஏரிக்கரைப் பள்ளி மைதானத்துக்கு அனுப்பினால் செலவு அதைவிட அதிகமாகாது. சென்னையில் ஆடிக் களைத்த முன்கள வீரர்களுக்குக் கும்மிடிப்பூண்டி வெகுதூரமும் அல்ல. கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர், பொன்னேரி வழியாக மின்சார ரயில் அங்கேதான் வந்து நிற்கிறது.